நூறு கிலோமீட்டர், ஒரே பகல், தனி ஆள்: பழைய ரயில் தடத்தில் ஒரு சைக்கிள் நாள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கி மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாண்டில் முடியும் கிரேட் அலெகேனி பாசேஜ் 150 மைல் நீளம், நம் கணக்கில் சுமார் 240 கிலோமீட்டர். பெரும்பகுதி ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி இறுக்கி, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். கார், பைக் எதுவும் உள்ளே வராது, நுழைவுக் கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டும் வேண்டாம். 1986இல் ஓஹையோபைல் பக்கத்தில் ஒன்பது மைலாகத் தொடங்கிய பாதை, பிட்ஸ்பர்க் நகரத்தின் நடுப்பகுதி வரை முழுதாக இணைந்தது 2013இல். மொத்தத்தையும் மூன்று நாளில் முடிக்கலாம், நான்கு நாள் எடுத்துக்கொண்டால் சுகமாக இருக்கும்.

நான் இங்கே எழுதுவது அதில் ஒரே ஒரு நாளைப் பற்றி. கான்ஃப்ளூயன்ஸ் என்கிற சின்ன ஊரில் காலையில் கிளம்பி, மலை முகட்டைத் தாண்டி, சாயங்காலம் கம்பர்லாண்டில் போய் இறங்கும் நாள். 62 மைல், கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். இந்தப் பாதையின் ஆக நல்ல பகுதி இதுதான் என்பது என் கருத்து. நீளமான பாலங்கள், மூன்று மாதிரி சுரங்கங்கள், ஆற்றங்கரை, முகடு, அதற்கப்புறம் மணிக்கணக்கில் இறக்கம் எல்லாம் ஒரே பகலில் கிடைக்கும். பிட்ஸ்பர்க்கிலிருந்து வருபவர்களுக்கு இது மூன்றாம் நாளாக அமையும். இந்த ஒரு நாளுக்காகவே கான்ஃப்ளூயன்ஸில் வந்து தங்கிக் கிளம்புகிறவர்களும் உண்டு.

தனியாகப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது "என்னால் நூறு கிலோமீட்டர் ஓட்ட முடியுமா?" என்றுதான். வாரம் இரண்டு மூன்று தடவை சைக்கிள் எடுக்கிற, நாற்பது ஐம்பது கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் ஓட்டுகிற யாராலும் முடியும். கால் உங்களைக் கைவிடாது. வயிறு, உட்காருமிடம், உள்ளங்கை, தண்ணீர், வெளிச்சம் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றுதான் நாளைக் கெடுக்கும். ஐந்தையுமே எங்கே நிற்கிறோம் என்பதை வைத்துத்தான் காப்பாற்ற முடியும். அதனால் எவ்வளவு வேகமாகப் போவது என்று யோசிக்காமல் எங்கெங்கே, எவ்வளவு நேரம் நிற்பது என்று முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் அவருக்குப் பசிக்கும், நீங்களும் நிற்பீர்கள். தனியாக இருந்தால் "இன்னும் கொஞ்சம் போய்விடலாமே" என்று மனசு இழுத்துக்கொண்டே போகும், பாதையும் அதற்கு இடம் கொடுக்கும்.

ரயில் ஏற்றம் என்றால் என்ன

ரயிலின் எஃகுச் சக்கரத்துக்கு எஃகுத் தண்டவாளத்தில் பிடிப்பு குறைவு, செங்குத்தாக ஏற முடியாது. அதனால் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே இந்தத் தடத்தைப் போட்டபோது (1912இல் முடிந்தது) மேட்டைக் குடைந்து, பள்ளத்துக்குப் பாலம் கட்டி, ஆறு வளைகிற பக்கமெல்லாம் கூடவே வளைந்து, ஏற்றத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கி வைத்தார்கள். கான்ஃப்ளூயன்ஸிலிருந்து முகடு வரை 38 மைல், அதாவது அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரம் முழுவதற்கும் நீங்கள் ஏறுவது சுமார் ஆயிரம் அடிதான். சராசரியாகப் பார்த்தால் நூறு மீட்டருக்கு அரை மீட்டர்.

அரை சதவீத ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் பார்த்தால் பாதை மட்டமாகத்தான் இருக்கும், ஆனால் சைக்கிள் நீங்கள் எதிர்பார்க்கிற வேகத்தில் போகாது. பிரேக் உரசுகிறதோ, டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்து இறங்கிப் பார்ப்பீர்கள், எல்லாம் சரியாகவே இருக்கும். இது ஏற்றம்தான். புரிந்துகொண்டு ஒரு கியர் இறக்கி, மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மட்டும் மிதியுங்கள். மணிக்கு 13, 14 கிலோமீட்டர் கிடைத்தால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சாதாரணச் சாலையில் மேடு வந்தால் பின்னாலேயே பள்ளம் வரும், அதில் மிதிக்காமல் உருளும்போது கால் ஆறும், எழுந்து நின்றால் உட்காருமிடத்துக்கு ரத்தம் ஓடும். ரயில் தடத்தில் அந்த இடைவெளியே கிடையாது. அறுபது கிலோமீட்டரும் விடாமல் மிதித்துக்கொண்டே, ஒரே நிலையில் உட்கார்ந்துகொண்டே போக வேண்டும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இருபது மிதி மிதித்துவிட்டு உட்காருங்கள். வலி வந்தபின் இதைச் செய்து பயனில்லை, ஆரம்பத்திலிருந்தே செய்ய வேண்டும். கையை ஹேண்டில்பாரில் ஒரே இடத்தில் ஊன்றி வைத்தால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும், உள்ளங்கையின் வெளியோரமாகப் போகும் நரம்பு நசுங்குவதுதான் காரணம். பிடிக்கிற இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், முழங்கையை விறைப்பாக வைக்காதீர்கள்.

பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும். உள்ளாடையின் தையல்தான் தோலை அறுக்கும். உரசுகிற இடங்களில் வாசலின் தடவிக்கொண்டு கிளம்புங்கள். கூச்சப்படுகிற விஷயமில்லை.

சைக்கிளும் சுமையும்

மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலம் இந்தப் பொடிக்குச் சரியாக இருக்கும். காற்றைக் கல்லாக அடிக்காதீர்கள், 40 மில்லிமீட்டர் டயருக்கு 40, 45 பிஎஸ்ஐ போதும். சுமையோடு இருக்கும்போது பின்சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட. மட்கார்டு இருந்தால் கழற்றாதீர்கள், இல்லாவிட்டால் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மழை பெய்தால் அந்தச் சுண்ணாம்புப் பொடி குழைந்து செயின், பிரேக், கியர் எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும், காய்ந்தபின் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வெயில் நாளில் வேறு தொல்லை. வெள்ளைத் தூசி படிந்து செயின் கீச்சிடும். கெட்டியான எண்ணெய் தூசியை இழுக்கும், அதனால் வறண்ட தன்மையுள்ள செயின் எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள், போட்டபின் மேலே இருப்பதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

சுமை பத்து கிலோவைத் தாண்டாமல் பாருங்கள். கூடாரம் இல்லாமல் விடுதியில் தங்குவதாக இருந்தால் ஆறு கிலோவே தாராளம். பக்கவாட்டில் தொங்கும் பேனியர் பைகளில் கனமானதை அடியில், இரண்டு பக்கமும் சம எடையாக வையுங்கள், மழைச்சட்டை மட்டும் எப்போதும் மேலே இருக்கட்டும். பாதை சாலையைக் கடக்கிற இடங்களில் கார் நுழையாமல் இருக்கக் கம்பம் நட்டிருப்பார்கள், கம்பிக் கதவும் இருக்கும். சைக்கிள் நுழைந்துவிடும் என்று கண் சொல்லும், ஆனால் பின்னால் பை அகலமாக இருப்பதைக் கண் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே வேகம் குறைத்து, நடுவில் நேராகப் போங்கள். குறுக்கே வரும் சாலையில் கார் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும்.

கருவிகளில் இரண்டு ட்யூப், டயர் நெம்பும் கட்டை, பம்ப், பஞ்சர் ஒட்டும் பசை, பலகருவி, செயினுக்கு ஒரு இணைப்பு ஆகியவை அவசியம். கான்ஃப்ளூயன்ஸிலும் கம்பர்லாண்டிலும் சைக்கிள் கடை இருக்கிறது, இடையில் எதையும் நம்பிக் கிளம்பாதீர்கள். பின்சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றுவதை வீட்டிலேயே இரண்டு மூன்று முறை செய்து பழகியிருக்க வேண்டும், அதுவும் சுமையை இறக்கி, சைக்கிளைக் கவிழ்த்து, கையில் எண்ணெய் படியச் செய்து பாருங்கள். தனிப் பயணத்துக்கு இதுதான் நுழைவுத் தேர்வு என்று நான் நினைக்கிறேன்.

சாப்பாடும் தண்ணீரும்

நம்மூர் சைவக்காரர்களுக்கு இந்தப் பக்கச் சிற்றூர்களில் கிடைப்பது பீட்சா, சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டை சாப்பிடுவீர்களென்றால் காலை முட்டை. பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் கடை திறந்திருக்கும் நேரத்தை நம்ப முடியாது. வாரநாட்களில் சில கடைகள் மூடியே இருக்கும். ஆகவே கையில் பாதி நாளுக்கான சாப்பாடு எப்போதும் இருக்கட்டும்.

இந்த விஷயத்தில் நம் சமையலுக்கு ஈடே இல்லை. சப்பாத்தியில் தக்காளித் தொக்கைத் தடவிச் சுருட்டி அலுமினியத் தாளில் கட்டினால் இரண்டு நாள் வரும். கடலை மிட்டாய் வெயிலில் சாக்லேட் போல உருகி வழியாது, சர்க்கரையும் கொழுப்பும் ஒன்றாகக் கிடைக்கும். பேரீச்சம்பழம், வறுத்த வேர்க்கடலை, வியர்த்துக் கொட்டும் நாளில் ஒரு சின்ன டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய். பிட்ஸ்பர்க்கிலிருந்து தொடங்குகிறவர்கள் பென் ஹில்ஸில் இருக்கும் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுக் கிளம்புவதுண்டு. 1970களில் எழுந்த, அமெரிக்காவின் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று அது. அங்கே வாங்கும் புளியோதரை முதல் நாள் மதியத்துக்கு அருமையாக இருக்கும், ஆனால் மூன்றாம் நாள் வரை வைத்திருக்கக் கூடாது.

முக்கால் மணிக்கு ஒருமுறை கைப்பேசியில் மணி அடிக்க வையுங்கள். அடித்ததும் ஏதாவது இரண்டு வாய் சாப்பிட வேண்டும், பசிக்கிறதோ இல்லையோ. பசி தெரிகிற நேரத்தில் உடம்பில் சர்க்கரை ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதற்கப்புறம் எவ்வளவு தின்றாலும் அரை மணிக்குக் கால் கனமாகவே இருக்கும். தண்ணீர் இரண்டு பெரிய பாட்டில், கோடையில் மூன்றாவதாக ஒன்று பையில். கான்ஃப்ளூயன்ஸுக்கும் ராக்வுட்டுக்கும் இடையே 29 கிலோமீட்டருக்குக் கடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பக்கத்தில் ஆறு ஓடுகிறதே என்று அள்ளிக் குடிக்காதீர்கள். மேலே பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த பூமி இது.

ஏழு மணிக்குக் கிளம்பினால்

யாக்கியகேனி, காசல்மன், லாரல் ஹில் ஓடை மூன்றும் சேருகிற இடம் கான்ஃப்ளூயன்ஸ். கிளம்பியதும் காசல்மன் ஆறு பக்கத்தில் வந்துவிடும், நீங்கள் ஆற்றை எதிர்த்து மேலேறுகிறீர்கள். மைல் கற்கள் கம்பர்லாண்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணியிருப்பதால் உங்களுக்கு 62இலிருந்து குறைந்துகொண்டே வரும். மைல் கல்லைக் கடக்கும்போதெல்லாம் எண்ணைக் கவனியுங்கள். ஏதாவது ஆகி அவசர உதவி எண்ணான 911க்குக் கூப்பிட வேண்டி வந்தால் "மைல் 51க்குப் பக்கம்" என்று சொல்ல முடிவதுதான் உங்களைக் கண்டுபிடிக்க உதவும். இந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வையுங்கள், வீட்டில் ஒருவரிடம் "ராக்வுட்டில் ஒன்பதரைக்கு, மேயர்ஸ்டேலில் பன்னிரண்டுக்கு, ஃப்ராஸ்ட்பர்க்கில் மூன்றுக்கு, கம்பர்லாண்டில் ஐந்துக்குச் செய்தி அனுப்புவேன்" என்று சொல்லிவிடுங்கள். கூடவே, இரண்டு மணிநேரம் தாமதமானால்தான் கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் சிக்னல் இல்லாத அரை மணியில் வீடே கலங்கிப்போகும்.

பதினாறு கிலோமீட்டர் போனதும் பிங்கர்ட்டன் சுரங்கம், 849 அடி. 2015இல்தான் இதைச் சீர்செய்து திறந்தார்கள், அதுவரை ஆற்று வளைவைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. எதிர்க்கரையில் இன்னும் சரக்கு ரயில் ஓடுகிறது. காட்டுக்குள் தனியாகப் போகும்போது திடீரென்று மரங்களுக்குப் பின்னால் கேட்கும் ஊதல் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ராக்வுட்டில் இருபது நிமிடம் கட்டாயம் நில்லுங்கள், தண்ணீர் நிரப்புங்கள், காலணியைக் கழற்றி விரல்களை ஆட்டுங்கள். நன்றாகத்தானே போகிறது என்று விட்டுவிட்டுப் போகத் தோன்றுகிற இடம் இதுதான். இங்கே நிற்காமல் போனவர்கள் மத்தியானம் முகட்டுக்கு முன்னால் சோர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

காரெட்டைத் தாண்டியபின் சாலிஸ்பரி உயர்பாலம் வரும். 1,908 அடி நீளம், சுமார் நூறு அடி உயரம், கீழே ஆறு, நெடுஞ்சாலை, ரயில் பாதை மூன்றும் போகும், சுற்றிலும் மலை மேல் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். அந்தக் காற்றாலைகளை ஏன் அங்கே நட்டிருக்கிறார்கள் என்பது பாலத்தில் ஏறியதும் உடம்பில் தெரியும். பக்கவாட்டுக் காற்று பையைப் பிடித்துத் தள்ளும், ஆகவே ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் போங்கள், படம் எடுப்பதென்றால் இறங்கி ஓரமாக நின்று எடுங்கள். அமெரிக்காவில் வலப்பக்கம் போக வேண்டும், முந்துவது இடப்பக்கமாக. நம்மூரில் சைக்கிள் பழகியவர்களின் உடம்பு திடீரென்று எதிரே ஆள் வந்தால் இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். நேராக மோதல்தான். காலையில் கிளம்பும்போதே மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். முந்தும் முன் மணியடித்து, வாயால் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பாலம் முடிந்து மூன்று கிலோமீட்டரில் மேயர்ஸ்டேல். மேப்பிள் பாகுக்குப் பேர்போன ஊர், பழைய ரயில் நிலையம் இப்போது வருகிறவர்களுக்கான மையமாக இருக்கிறது. இங்கே ஒரு மணிநேரம். வயிறு முட்டத் தின்னாமல் முக்கால் வயிறு சாப்பிட்டு, மீதியைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் போகும்போது சைக்கிளைப் பூட்டி, பாஸ்போர்ட், பணம், கைப்பேசி இருக்கும் முன்பையை மட்டும் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பேனியரை யாரும் தொட மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அழுக்குத் துணிக்காக ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினால் நாள் போதாது.

முகடும் சுரங்கமும்

மேயர்ஸ்டேலிலிருந்து முகடு 13 கிலோமீட்டர். சாப்பிட்ட மயக்கம், உச்சி வெயில், விடாத ஏற்றம். இந்த ஒரு மணிநேரம்தான் நாளிலேயே கடினமானது. மெதுவாகப் போங்கள், வேகமானியைப் பார்க்காதீர்கள். ஒரு சாலைக்கு அடியில் பாதை நுழைகிற இடத்தில் கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேடு, 2,392 அடி. உள்ளே சுவரில் ஓவியங்கள் இருக்கும், பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை பாதை எப்படி ஏறி இறங்குகிறது என்ற வரைபடமும் இருக்கும். உங்களுக்கு மேற்கே விழும் மழைத்துளி காசல்மன், யாக்கியகேனி, மனோங்காஹேலா, ஓஹையோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும், கிழக்கே விழுவது பொட்டோமாக் வழியாக அட்லாண்டிக்குக்கு. அந்த வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள், உங்கள் இடதுபுறக் கோடு சாய்வாக நீண்டு கிடக்கும், வலதுபுறக் கோடு வெட்டிவிட்டது மாதிரி விழும். இனி 23 மைலில் சுமார் 1,800 அடி இறக்கம்.

இறங்க ஆரம்பிக்கும் முன் அங்கேயே மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்த உடம்போடு மூன்று கிலோமீட்டரில் பிக் சாவேஜ் சுரங்கத்துக்குள் நுழைவீர்கள். 3,294 அடி, ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கு உண்டு. ஆனால் கோடையிலும் குளிர் எலும்பில் ஏறும், மேலிருந்து தண்ணீர் சொட்டும், தரை ஈரமாக இருக்கும். கறுப்புக் கண்ணாடியை வாசலில் நின்று கழற்றுங்கள், முன்விளக்கும் பின்விளக்கும் எரியட்டும், கண் பழகும் வரை நடை வேகத்தில் போங்கள். முக்கியமான விஷயம், இந்தச் சுரங்கத்தைக் குளிர்காலம் முழுக்க, ஏறத்தாழ டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, கதவடைத்து வைக்கிறார்கள், கசியும் நீர் உறைந்து உள்சுவரைப் பெயர்த்துவிடக் கூடாது என்பதற்காக. மாற்றுவழி செங்குத்தான மலைச்சாலைதான். மார்ச், நவம்பர் மாதங்களில் திட்டமிடுகிறவர்கள் தேதி பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் மலைகள் அடுக்கடுக்காகத் திறக்கும். சாய்ந்து உட்கார ஒரு இடம் பார்த்து, கட்டி வந்த மீதியைச் சாப்பிட்டு முடியுங்கள். இந்த நிறுத்தத்துக்கு நேரக் கணக்கு வேண்டாம்.

அப்புறம் பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் எல்லையான மேசன்-டிக்சன் கோடு, கல் பதித்துக் காட்டியிருப்பார்கள். அடுத்தது போர்டன் சுரங்கம், 957 அடி, இங்கே விளக்குக் கிடையாது. நடுவில் வரும்போது கைகூடத் தெரியாது, எதிரே விளக்கில்லாமல் வருகிறவர்களும் உண்டு. உங்கள் விளக்கு உங்களுக்குப் பாதை காட்ட மட்டுமில்லை, நீங்கள் இருப்பதை அடுத்தவருக்குச் சொல்லவும்தான்.

இறக்கம்

இங்கே நூறு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இறங்கும். மிதிக்காமலே சைக்கிள் ஓடும், சந்தோஷமாக இருக்கும், அதே சமயம் களைத்த ஆள், சுமை ஏறிய சைக்கிள், உதிரிப் பொடி மேலான வளைவு மூன்றும் ஒன்றுசேருகிற இடமும் இதுதான். மணிக்கு இருபது, இருபத்திரண்டுக்கு மேல் விடாதீர்கள். பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடித்துக்கொண்டே வராமல், கொஞ்சம் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், திரும்பும்போது முன்பிரேக்கைத் தொடாதீர்கள். எதிரே மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களுக்கு வழிவிடுங்கள், அவர்கள் நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம்.

ஃப்ராஸ்ட்பர்க் ஊர் பாதைக்கு மேலே இருக்கிறது, கொண்டை ஊசி மாதிரி வளைந்து ஏற வேண்டும். தண்ணீர் தீர்ந்திருந்தாலோ காபி வேண்டியிருந்தாலோ ஏறுங்கள், இல்லாவிட்டால் நேராகப் போகலாம். இங்கிருந்து கம்பர்லாண்ட் வரை 25 கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் வரும், அதில் சுற்றுலா ரயில் ஓடுகிறது, சில நாட்களில் 1309 என்ற எண் கொண்ட நீராவி எஞ்சினே இழுத்துக்கொண்டு வரும். பிரஷ் சுரங்கத்தை ரயிலும் பாதையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ரயில் வரும் சத்தம் கேட்டால் உள்ளே போகாமல் வெளியே நின்று, அது போன பின், புகை அடங்கிய பின் போங்கள்.

கம்பர்லாண்டுக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு குகை இருக்கிறது. 1912இல் ரயிலுக்காகப் பாறையை வெட்டியபோது பனியுகக் கால விலங்குகளின் எலும்புகள் வெளிப்பட்ட இடம். நின்று பார்க்க ஐந்து நிமிடம் செலவழியுங்கள். அதன்பின் மலை இரண்டாகப் பிளந்த நேரோஸ் இடுக்கு வழியாக ஊருக்குள் நுழைந்து, 1913இல் கட்டிய ரயில் நிலையத்தின் அருகே மைல் பூஜ்யத்தில் நிற்பீர்கள். ஏழு மணிக்குக் கிளம்பியிருந்தால் நாலரை, ஐந்து ஆகியிருக்கும். ஜூனில் இரவு எட்டே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும், பஞ்சரோ மழையோ வந்தாலும் சமாளிக்கலாம். இலை நிறம் மாறும் அக்டோபர் நடுவில் ஏழரைக்குத்தான் விடியும், ஆறே முக்காலுக்கு இருட்டிவிடும், அப்போது ராக்வுட்டிலேயே முந்தின இரவு தங்கி நாளை 70 கிலோமீட்டராகக் குறைத்துக்கொள்வது நல்லது.

இறங்கியதும்

குளிக்கும் முன் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டி, அக்குள், காதுக்குப் பின்னால், சாக்ஸ் விளிம்பு. பென்சில்வேனியாவில் உண்ணி மூலம் பரவும் லைம் நோய் அதிகம். கடித்திருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். பின்னாளில் வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணிக்கடி என்று சொல்லுங்கள். வழியில் இயற்கை உபாதைக்குப் புதருக்குள் போகிறவர்கள் மூன்று மூன்று இலையாக இருக்கும் விஷப் படர்கொடியைத் தொடாமல் பாருங்கள், கொப்புளம் வாரக்கணக்கில் அரிக்கும்.

அப்புறம் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், கேரியர் திருகுகளை முறுக்குங்கள். நாள் முழுக்க அதிர்ந்ததில் ஒன்றாவது தளர்ந்திருக்கும்.

திரும்ப பிட்ஸ்பர்க் போகிறவர்களுக்கு ஆம்ட்ராக் ரயில் உண்டு, நாளைக்கு ஒன்றுதான், சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், அதற்கான இடம் கொஞ்சமே என்பதால் பயணத் தேதி முடிவானதும் முதலில் அதைப் போடுங்கள். வாஷிங்டன் வரை தொடர்கிறவர்களுக்கு இங்கேயே சி அண்ட் ஓ கால்வாய்ப் பாதை தொடங்கும், 184.5 மைல். அது பழைய கால்வாய்க் கரை, மண் தரை, வேரும் குழியும் இருக்கும், மழை பெய்திருந்தால் சேறு. இன்றைக்கு நூறு ஓட்டினோமே என்று நாளைக்கும் நூறு போடாதீர்கள், எண்பது போதும். டயரில் ஐந்து பிஎஸ்ஐ இறக்கிக்கொள்ளுங்கள், முன்விளக்கை இன்றிரவே சார்ஜ் போடுங்கள், ஏனென்றால் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டியதும் பா பா சுரங்கம் வரும், விளக்கு கிடையாது, குறுகலான கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடக்க வேண்டும்.